மணலும் உடன்படிக்கையும்: மணவாளக்குறிச்சி முதல் புக்கிட் மேரா வரை மோனசைட் வணிகத்தின் வரலாறு

முன்னுரை

அருமண் தனிமங்கள் பற்றிய பேச்சு இன்று நாளேடுகளின் பொருளாதாரப் பக்கங்களை நிறைத்துள்ளது. மின்னுந்துகளின் இயக்கிகளிலும் காற்றாலைகளிலும் போர்க்கருவிகளிலும் இத்தனிமங்கள் இன்றியமையாதனவாகிவிட்டமையால், அவற்றைத் தங்குதடையின்றிப் பெறுவதற்கு வல்லரசுகள் புதிய உடன்படிக்கைகளைத் தேடுகின்றன. பதப்படுத்தப்படாத அருமண் மூலப்பொருள்களின் ஏற்றுமதியைத் தடைசெய்யும் கொள்கையை மலேசிய அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. 2025 அக்டோபரில் முக்கியக் கனிமங்கள் தொடர்பாக அமெரிக்காவுடன் கோலாலம்பூரில் ஒரு புரிந்துணர்வுக் குறிப்பிலும் அது கையொப்பமிட்டது. இத்தகைய ஆவணங்களில் 'நியாயமான கூட்டுறவு' என்னும் கருத்து தவறாமல் இடம்பெறுகிறது.

அத்தொடர் புதிது, அதனுள் அடங்கியுள்ள சிக்கலோ நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதனைக் காட்டுவதற்கு ஒரே ஒரு கனிமத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மோனசைட் என்பது சீரியம், லந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களோடு தோரியத்தையும் கொண்ட பாஸ்பேட் தாது. அது தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரையிலும் கிடைத்தது. மலேசியத் தீபகற்பத்தின் ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலிலும் கிடைத்தது. இவ்விரு நிலங்களிலும் அது எவ்வாறு வாங்கப்பட்டது, விற்கப்பட்டது, யாருடைய முற்றத்தில் அதன் எச்சம் விடப்பட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கயிற்றில் ஒட்டிய மணல்

மணவாளக்குறிச்சி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்படும் வரை அது திருவிதாங்கூரின் தமிழ் பேசும் தென்பகுதியில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் காலப்போக்கில் சிதைந்து, வள்ளியாறு முதலிய சிற்றாறுகளால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட, பருவமழைக் காலத்து அலைகள் அவற்றுள் எடைமிக்க மணிகளைப் பிரித்துக் கரையில் ஒதுக்குகின்றன. கருமணல் என்று ஊரார் அழைக்கும் அம்மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றுடன் மோனசைட்டும் கலந்துள்ளது.

1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் செர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். கயிறு விற்றவர்களுக்கு அதில் ஒட்டியிருந்தது வெறும் மணல். கயிறு வாங்கியவருக்கோ அது செல்வம். மண்ணின் மதிப்பை அறிந்தவர் ஒருவராகவும் மண்ணுக்கு உரியவர் வேறொருவராகவும் இருந்த இந்நிலையிலிருந்தே நம் வரலாறு தொடங்குகிறது. பேரத்தில் ஏற்படும் ஏற்றத்தாழ்வுக்கு விலை முதற்காரணமன்று. அறிவின் இடைவெளியே முதற்காரணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அக்காலத்தில் மோனசைட்டை நாடியது இன்றைய தேவைகளுக்காக அன்று. ஆஸ்திரிய வேதியியலார் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1880களில் உருவாக்கி, 1891ஆம் ஆண்டளவில் செம்மைப்படுத்திய வாயு விளக்கு வலையில் ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் இருந்தன. ஐரோப்பிய நகரத் தெருக்கள் அவ்வலையின் வெண்ணொளியில் நடந்தன. நம் தோட்டப்புறங்களில் திருவிழா இரவுகளில் ஏற்றப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தோரியம் என்ற சொல்லை அறியாமலே நம் முன்னோர் அதன் ஒளியில் கூத்துப் பார்த்திருக்கின்றனர். அதுவரை உலகச் சந்தைக்குப் பெருமளவில் மோனசைட் வழங்கிவந்த நாடு பிரேசில். திருவிதாங்கூர் மணலில் தோரியம் ஆக்சைடின் அளவு 8 முதல் 9 விழுக்காடு வரை இருந்தமையால் அது பிரேசில் மணலை எளிதில் பின்தள்ளியது.

ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையை நிறுவினார்; பின்னர்ச் சவறாவிலும் ஓர் ஆலை எழுந்தது. நிறுவனம் இலண்டனில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் அதன் கட்டுப்பாடு செர்மானிய தோரியத் தொழிலாரிடமே இருந்தது. பிரித்தானிய மேலாண்மைக்கு உட்பட்ட ஒரு சமஸ்தானத்தின் மணல் செர்மனிக்குச் சென்று, அங்கே தோரியம் உப்பாகி, பிரித்தானிய விளக்குத் தொழிலாருக்கே மீண்டும் விற்கப்பட்டது. 1914இல் போர் மூண்டதும் இந்நிலை வெளிச்சத்திற்கு வந்து ஆட்சியாளர்களைத் திடுக்கிடச் செய்தது. ஷோம்பர்க் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைதானார். தொழில் பிரித்தானியர் கைக்கு மாறியது. மாற்றம் அவ்வளவே. மணல் தொடர்ந்து கப்பலேறியது. அதனை வேதிப்பொருளாக்கும் தொழில் முன்போலவே கடல் கடந்த நாட்டில் நடந்தது. மின்விளக்கு பரவி வாயு விளக்கு மங்கியபோது, 1922 முதல் இல்மனைட் ஏற்றுமதி தொடங்கி, வெண்சாயத் தொழிலுக்கான மூலப்பொருளாக அதன் இடத்தைப் பிடித்தது.

அணுவின் நிழலில்

இரண்டாம் உலகப்போர் மோனசைட்டின் பொருளை அடியோடு மாற்றிவிட்டது. விளக்கு வலைக்குப் பயன்பட்ட தோரியத்திலிருந்து அணு எரிபொருளைப் பெறலாம் என்பது தெரியவந்ததும், அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1944 ஜூனில் ஒரு கூட்டு அறக்கட்டளையை அமைத்து, உலகெங்கும் உள்ள யுரேனிய, தோரியத் தாதுகளைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர முற்பட்டன. 1945 ஜூலையில் பிரேசிலுடன் மோனசைட் குறித்து ஒரு மறைவான உடன்படிக்கை ஏற்பட்டது. 1945 ஆகஸ்டுத் தொடக்கத்தில் நெதர்லாந்துடன் மற்றொன்று. இது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தோரியத்தைப் பற்றியது. பங்கா, பெலித்துங் தீவுகளின் ஈய மணலில் மோனசைட் உண்டு. அவ்வுடன்படிக்கை கையொப்பமானபோது அத்தீவுகள் சப்பானியர் பிடியில் இருந்தன. இரு வாரங்களுக்குள், ஆகஸ்டு 17ஆம் நாள், இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. ஆட்சி தன் கையில் இல்லாத நிலத்தின் மணலை, அந்நிலத்து மக்கள் அறியாமலே, ஒரு பேரரசு வாக்களித்தது. கனிம உடன்படிக்கைகளின் வரலாற்றில் இதற்கு ஈடான வேடிக்கை குறைவு.

திருவிதாங்கூரின் நிலை இதனினும் சிக்கலானது. 1946இல் மோனசைட் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. மணலை மணலாக அனுப்புவதில்லை, ஆலை இங்கேயே எழவேண்டும் என்ற கோரிக்கை அப்பொழுதே வலுப்பெற்றுவிட்டது. திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் 1947இல் பிரித்தானிய அரசுடன் மோனசைட் வழங்குவது குறித்து உடன்பாடு கண்டார். தோரியம் பிரித்தெடுக்கும் ஆலைக்கான உதவியும் அப்பேரத்தின் ஒரு கூறாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அவர் அறிவித்தபோது, இம்மணலும் அவருடைய துணிவுக்கு ஓர் ஊன்றுகோலாயிற்று என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுண்டார். சில நாள்களில் மன்னர் இந்திய ஒன்றியத்துடன் இணைய இசைந்தார்.

இராமசாமி ஐயரின் அரசியலை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும், ஆலையைக் கேட்டுப் பேரம் பேசிய வகையில் அவரும் அவரை எதிர்த்த புது தில்லியும் ஒரே பாதையிலேயே சென்றனர் என்பதை மறுக்க இயலாது. விடுதலை பெற்ற இந்தியா 1948இல் அணுவாற்றல் சட்டத்தை இயற்றியது. 1950 ஆகஸ்டில் மைய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்கின. பாரிஸ் நகரத்து அருமண் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் ஆலுவாவில் எழுந்த ஆலையை 1952 திசம்பர் 24ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

இடையில் இரு சோதனைகள் நேர்ந்தன. 1951இல் கடும் உணவுப் பற்றாக்குறையால் இந்தியா அமெரிக்காவிடம் தானியம் கேட்டது. மோனசைட்டை ஈடாகப் பெறவேண்டும் என்ற குரல் அமெரிக்கக் காங்கிரசில் எழுந்தது. பசியை முன்னிறுத்தி வைக்கப்படும் நிபந்தனைகளை ஏற்க இயலாது என்று நேரு வானொலியில் உறுதிபடக் கூறினார். முடிவில் 19 கோடி டாலர் கடன் கிடைத்தது. மோனசைட் தடை நீங்கவில்லை. இரண்டாவது சோதனை 1953இல் ஏற்பட்டது. ஆலுவாவின் தோரியம் நைட்ரேட் சிறிதளவு, போலந்துக் கப்பல் ஒன்றில் சீனத்திற்கு அனுப்பப்பட்டது. கம்யூனிச நாடுகளுக்கு அத்தகைய பொருளை விற்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்தவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நெடிய பேச்சுகளுக்குப் பின், அப்பொருளை அமெரிக்காவே வாங்கிக்கொள்வது என்ற இணக்கம் ஏற்பட்டது. விற்கவும் மறுக்கவும் வல்லவனிடமே வாங்குபவன் பணிவாகப் பேசுவான் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

எனினும் ஆலுவாவைப் பெருவெற்றியாகக் கொள்வதற்கில்லை. மோனசைட்டை உடைத்துக் கலப்பு அருமண் குளோரைடு ஆக்கும் வரையில்தான் அவ்வாலையின் ஆற்றல் நெடுங்காலம் நின்றது. தனிமங்களைத் தனித்தனியே பிரித்து, உயர்மதிப்புப் பொருளாக்கும் நிலை பெரும்பாலும் வெளிநாட்டிலேயே நிகழ்ந்தது. பின்னர்ச் சீனத்தின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2004ஆம் ஆண்டளவில் அருமண் உற்பத்தியே அங்கு நின்றது. 2010இல் சீனம் சப்பானுக்கு அருமண் அனுப்புவதைச் சுருக்கியதும், சப்பான் மீண்டும் இந்திய மணலை நாடியது. 2012இல் இரு நாடுகளுக்குமிடையே உடன்படிக்கை ஏற்பட்டது. 2025 ஜூனில் அவ்வேற்றுமதியை நிறுத்திவைக்குமாறு இந்திய அரசு தன் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டதாகச் செய்தி வெளியாயிற்று. 1946இன் தடை ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபிறவி எடுத்தது போலும்.

அமாங்

ஈயம் அரித்தபின் எஞ்சும் எடைமிகு கழிவு மணலை மலாய் மொழியில் அமாங் என்பர். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் பல்லாண்டுகளாக ஈயக்குட்டைகளின் ஓரம் குவிந்து கிடந்தது அது. அதனுள் மணவாளக்குறிச்சியின் அதே குடும்பம்: இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கூடவே இட்ரியம் தரும் செனோடைம்.

1979 நவம்பரில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் பதிவாயிற்று. சப்பானின் மிட்சுபிசி வேதித் தொழில் நிறுவனமும் ஈப்போவைச் சேர்ந்த பே மினரல்ஸ் நிறுவனமும் தலைக்கு 35 விழுக்காட்டுப் பங்கினை வைத்திருந்தன. எஞ்சியவை தாபோங் ஹாஜியிடமும் பூமிபுத்ரா வணிகர்களிடமும் இருந்தன. பங்குப் பிரிவினையை மட்டும் நோக்கினால் இதனைவிட நியாயமான கூட்டு முயற்சியைக் காண்பது கடினம். வெளிநாட்டவரிடம் பெரும்பான்மை இல்லை. தொழில்நுட்பம் நாட்டுக்குள் வந்தது. மூலப்பொருள் மூலப்பொருளாகவே வெளியேறவில்லை. 1982இல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அவ்வூர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் சீனப் புதுக்கிராமம்.

மோனசைட்டிலிருந்து அருமண்ணை எடுத்தபின் தோரியம் ஹைட்ராக்சைடு எஞ்சுகிறது. அதற்கு உரியவர் யார்? வருங்காலத்தில் அணு எரிபொருளாகக்கூடும் என்ற எண்ணத்தில் அது பேராக் மாநில அரசின் உடைமை என்று வகுக்கப்பட்டது. இவ்வொரு விதியை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். 1947இல் திருவிதாங்கூரின் பேர ஆற்றலுக்கு அடிப்படையாக இருந்த அதே தோரியத்தை வாங்குவதற்கு 1982இல் ஆளில்லை. எனினும் தாளில் அது செல்வமாகவே எழுதப்பட்டது. செல்வம் என்று பெயரிட்டதால் அதனைக் காக்கும் பொறுப்பும் செலவும் நாட்டின் தலையில் விழுந்தன. இலாபத்தைப் பங்கிட்ட உடன்படிக்கை எச்சத்தைப் பங்கிடவில்லை, அன்பளிப்பாகத் தந்துவிட்டது.

அவ்வெச்சத்திற்கு இடம் தேடியபோதுதான் மக்கள் விழித்தனர். முதலில் பாரிட் வட்டாரம் எதிர்த்தது. 1984இல் பாப்பான் ஊரார் தம் ஊரருகே தோண்டப்பட்ட குழிகளை எதிர்த்து அணிதிரண்டனர். முன்னர்ச் சப்பானில் செய்யப்பட்ட இத்தொழில் அங்குச் சட்டங்கள் கடுமையானபின் இங்கு வந்தது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1985 பிப்ரவரி 1ஆம் நாள் புக்கிட் மேரா வாசிகள் எண்மர், தமக்காகவும் ஊரார் பத்தாயிரவருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தை அணுகினர். அக்டோபர் 14ஆம் நாள் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பத்து நாள் கழித்து, அக்டோபர் 24ஆம் நாள், இலண்டனில் அனைத்துலக ஈய மன்றம் தன் கையிருப்புப் பணம் தீர்ந்து கொள்முதலை நிறுத்தியது. 1956 முதல் ஈயம் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒரே மன்றில் அமர்ந்து விலையைக் காத்துவந்த ஏற்பாடு அன்று சரிந்தது. பேராக்கின் ஈயச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்கிய ஆய்வுகள் குறைவு. ஒன்று விலையின் நியாயத்திற்காக அரசுகள் கட்டிய அமைப்பு வீழ்ந்த நாள். மற்றொன்று மண்ணின் நியாயத்திற்காக ஊரார் முதன்முதலாக வென்ற நாள்.

1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்துடன் ஆலை மீண்டும் இயங்கியது. செப்டம்பரில் முதன்மை வழக்கு தொடங்கியது. 65 நாள் விசாரணை, 32 மாதக் காலத்தில் நடைபெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில் இவ்வெதிர்ப்பில் ஈடுபட்டோர் சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமன் அவர்களுள் ஒருவர். 1992 ஜூலை 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 திசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்தின் வல்லுநர் சான்றே நம்பத்தக்கது, உரிமத்தை நீக்க விரும்புவோர் வாரியத்தை அணுகியிருக்கவேண்டும் என்பன அதன் காரணங்கள். ஊரில் கண்ட குருதிப் புற்றுநோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் இறுதிவரை கூறியது. எனினும் வழக்கில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானே ஆலையை மூடிவிட்டது. துப்புரவுப் பணி பல ஆண்டுகள் நீடித்தது. அதன் செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011இல் செய்தி வந்தது. எச்சம் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டுள்ளது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. நிறுவனத்தின் ஆயுள் பதினைந்து.

மூலப்பொருளை விற்பது அடிமைத்தனம், பதப்படுத்தி விற்பது தன்மானம் என்னும் கருத்து நம் நாடுகளின் அறிஞரிடையே வேரூன்றியுள்ளது. திருவிதாங்கூரின் வரலாறு அதற்கு ஆதரவாகவே நிற்கிறது. புக்கிட் மேராவோ அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மதிப்பைக் கூட்டும் தொழிலே எச்சத்தையும் கூட்டும் தொழில். பதப்படுத்தும் உரிமையைக் கேட்பவர், எச்சத்தின் பொறுப்பு யாருடையது என்பதனை அதே தாளில் எழுதிப் பெறாவிட்டால், பாதிப் பேரத்தையே முடித்தவராவார்.

இப்பாடம் கற்கப்பட்டதா என்பது ஐயத்திற்குரியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவைக் குவந்தானை அடுத்த கெபெங்கில் பதப்படுத்தும் லைனாஸ் ஆலை, 2012 இறுதியில் இயங்கத் தொடங்கியது. சப்பான் அரசுசார் நிறுவனமும் சோஜிட்ஸ் நிறுவனமும் 25 கோடி டாலர் நிதி ஏற்பாடு செய்தன. அத்தாதுவில் தோரியம் மிகக் குறைவு என்பது உண்மை. புக்கிட் மேராவோடு அதனை அப்படியே ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் எச்சத்தைத் திரும்பப் பெற ஆஸ்திரேலியத் தரப்பு மறுத்தது; உரிமம் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அதே வினாவே எழுந்தது. தாது ஒரு நாட்டினது, முதல் மற்றொரு நாட்டினது, பயன் உலகினது. எச்சம் மட்டும் பகாங்கினது.

மீண்டும் குமரிக் கடற்கரை

மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் இயங்குகிறது. 1963இல் அணுவாற்றல் துறையின் முழு நிறுவனமாகிய இந்திய அருமண் நிறுவனம், அப்பத்தாண்டில் பழைய வெளிநாட்டு நிறுவனங்களின் ஆலைகளைத் தன்வயப்படுத்தியது. அக்கடற்கரையிலும் கேரளக் கருநாகப்பள்ளியிலும் மணலின் இயற்கைக் கதிரியக்கமே மிகுதி. கருநாகப்பள்ளியில் நடந்த நெடுநாள் ஆய்வின் முடிவு 2009இல் வெளியானபோது, அவ்வியற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. மணல் எடுப்பதால் கரை அரிக்கப்படுகிறது, மீன்பிடித் தொழில் கெடுகிறது என்னும் மீனவர் குறைகளுக்கு அவ்வாய்வு விடையாகாது. அது அவற்றைப் பற்றியதும் அன்று.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 எக்டேர் நிலத்தில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்தை அந்நிறுவனம் முன்வைத்தது. 1909இல் கயிறு விற்றவர்களிடமும், 1947இல் உடன்படிக்கைக்குப் பொருளான கடற்கரையின் மக்களிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இம்முறை சட்டப்படி கேட்கவேண்டியிருந்தது. பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், கடலோர ஊர் மக்களின் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது.